மறுமொழி: பழைய பிக்கப்பின் எஞ்சினும் கியர்பெட்டியும் – ‘அகற்றல்’ வேண்டுமா, ‘இறக்கல்’ வேண்டுமா?

மதிப்பிற்குரிய குழுவினர்க்கு வணக்கம்.

ஆங்கிலத்திலிருந்து நாம் மொழிபெயர்க்கும் மாணவர் செய்முறைக் கையேட்டின் மூன்றாம் இயல் வரும் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். 1950களின் தொடக்கத்தில் வந்த செவர்லே 3100 பிக்கப் ஒன்றிலிருந்து எஞ்சினையும் கியர்பெட்டியையும் வெளியே எடுப்பதுதான் அந்த இயலின் பொருள். தலைப்புக்குரிய வினைச்சொல்லே இன்னும் முடிவாகவில்லை என்பதால், இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்தபின் என் கருத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

பேராசிரியர் ஐயா ‘அகற்றல்’ என்பதையே வலியுறுத்துகிறார்கள். எழுத்து வழக்கில் ஊன்றிய சொல், எல்லா இயல்களிலும் ஒரே சீராக ஆளலாம் என்ற அவர்களுடைய காரணங்கள் வலுவானவை. ஆனாலும் நம் நாளிதழ்களில் அச்சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: ஆக்கிரமிப்பை அகற்றுகிறார்கள், குப்பையை அகற்றுகிறார்கள், கட்டியை அகற்றுகிறார்கள். அகற்றிய பொருள் திரும்பி வரக்கூடாது என்ற குறிப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமோ எடுத்த எஞ்சினைச் செப்பனிட்டு அதே சட்டத்தில் மீண்டும் பொருத்தப்போகிறோம்.

சென்னையில் புதுப்பேட்டையிலோ பாடியிலோ எந்தப் பட்டறையிலும் போய்க் கேளுங்கள், ‘எஞ்சினை இறக்கணும்’ என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் ‘ஏத்தணும்’ என்பார்கள். இறக்கலும் ஏற்றலும் இப்படி இணையாகக் கிடைக்கும்போது, அகற்றலுக்கு எதிராக நிற்க ஒரு சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. பானட்டைக் கழற்றிவிட்டு செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் மேலே தூக்கும் ஒன்றை எப்படி இறக்குவதாகச் சொல்லமுடியும் என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். வண்டியிலிருந்து மூட்டையை இறக்குகிறவரும் முதலில் அதைத் தூக்கத்தான் செய்கிறார். தாங்கி நிற்பதன் சுமை நீங்குவதைத்தான் அந்த வினை சுட்டுகிறது, பொருள் போகும் திசையை அன்று. மேலும், எஞ்சினையும் கியர்பெட்டியையும் பிரிக்காமல் ஒன்றாக எடுக்கும்போது ரேடியேட்டரை முன்னதாகவே எடுத்துவிட்டு, கியர்பெட்டியின் வால் தாழவும் எஞ்சினின் முகப்பு உயரவும் சாய்த்துத்தான் வெளியே கொண்டுவர முடியும். ஏற்றம், இறக்கம் இரண்டும் அந்த ஒரே அசைவில் இருக்கின்றன.

‘இறக்கல்’ மீது எனக்குப் பெரிதாகத் தோன்றும் தடை வேறொன்று. அதை இதுவரை யாரும் எழுப்பவில்லை. ‘எஞ்சின் இறக்கும் முறை’ என்று எழுதினால், இறங்கு என்பதன் பிறவினையாகிய ‘இறக்கு’ என்றும் கொள்ளலாம், சாவைக் குறிக்கும் ‘இற’ என்றும் கொள்ளலாம். இறந்த, இறக்கிய என்று இறந்தகாலத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. தொழிற்பெயரிலும் இறத்தல், இறக்குதல் என வேறுபடுகின்றன. ‘இறக்கும்’ என்ற எதிர்காலப் பெயரெச்சத்திலும் ‘இறக்க’ என்ற எச்சத்திலும் ‘இறக்காத’ போன்ற எதிர்மறை வடிவங்களிலும்தான் மயக்கம் வருகிறது. எனவே இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’யை எங்கும் விட்டுவிடாமல் ‘எஞ்சினை இறக்குதல்’ என்றே எழுதுவது என விதி செய்துகொண்டால் போதும். மாணவர் கையேட்டில் வேற்றுமைத்தொகையைத் தவிர்ப்பது பொதுவாகவே நல்லது.

ஆயினும் ஒரே வினையைக் கொண்டு இயல் முழுவதையும் ஓட்டிவிட முடியாது. ஆங்கிலக் கையேடு ஒரு சொல்லையே எல்லா இடத்திலும் போட்டிருப்பதால் நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்ற எண்ணம் பல மடல்களில் தென்படுகிறது. பேட்டரியின் எர்த் கம்பி, பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கம்பி, ஸ்பீடாமீட்டர் கேபிள் ஆகியவற்றை நாம் ‘விடுவிக்கிறோம்’. போல்ட்டு, நட்டு, சைலன்ஸர் குழாயின் பிணைப்பு ஆகியவற்றைக் ‘கழற்றுகிறோம்’. கழல் என்பது தானே நெகிழ்வது, கழற்று என்பது நெகிழச் செய்வது; காலில் தளர்வாகக் கிடந்த வீரக்கழலுக்கும் இதே வேர்தான் என்று நான் நெடுநாளாக நம்பிவருகிறேன். எஞ்சினிலிருந்து கியர்பெட்டியை விலக்குவது மட்டுமே ‘பிரித்தல்’. அந்த இடத்தில் மாணவர் கவனம் சிதறக்கூடாது. கியர்பெட்டியின் முன்தண்டு கிளட்ச் பிளேட்டின் பல்வரிகளுக்குள் நுழைந்து, கிராங்க் ஷாஃப்டின் முனையிலுள்ள சிறிய புஷ் வளையத்தில் போய் அமர்ந்திருக்கிறது. அது முழுவதும் வெளிவரும்வரை பெட்டியை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு நேராகப் பின்னோக்கி இழுக்கவேண்டும். பாதியில் கைவிட்டால் பெட்டியின் எடை முழுவதும் பிளேட்டின் நடுக்குடத்தில் தொங்கி அதை வளைத்துவிடும். இங்கே ‘கழற்றுக’ என்று எழுதினால், போல்ட்டுகளை எடுத்ததும் வேலை முடிந்தது என்று மாணவர் நினைத்துவிடுவார்.

ஷாஃப்ட் என்பதற்குத் தண்டா, அச்சா என்ற கிளைவிவாதத்திலும் ஒரு சொல். உப்பு வணிகராகிய உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சாகிய ‘சேமஅச்சு’ வரும் புறநானூறு 102ஆம் பாடலையும், மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்னும் ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறளையும் காட்டி, கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் அச்சு என்றே வழங்கலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நெஞ்சில் நிற்கும் சான்றுகள் அவை. ஆனால் அவ்விரண்டு அச்சும் பாரம் தாங்குபவை. அதனால்தான் பாரம் மிகுந்தால் முறிகின்றன. புரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை, சுழற்சியைப் பின்னுக்குக் கடத்துகிறது. அதிலும் 1954 வரையிலான செவர்லே அரை டன் பிக்கப்பில் அது மூடிய குழாய் ஒன்றுக்குள் ஓடுகிறது. வண்டியிலேயே வைத்துக் கியர்பெட்டியைப் பிரிக்க வேண்டுமானால் பின் அச்சைப் பிணைப்பு நீக்கிப் பின்னால் நகர்த்தவேண்டியும் வரலாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு உறுப்புகளும் வருவதால் ஒன்று தண்டு, மற்றது அச்சு என்று பிரித்தே தீரவேண்டும்.

எஞ்சினுக்குப் ‘பொறி’ என்பது எனக்கும் விருப்பமான சொல்தான். ஆனால் பக்கத்திலேயே ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி வருகிறது. எஞ்சின், கியர், கிளட்ச் ஆகியவற்றை அப்படியே விடுகிறேன். பெட்டி மட்டும் தமிழாக இருக்கட்டும்.

எஞ்சியிருப்பது கையால் கியர் மாற்றும் வகைக்குரிய அடைமொழி. ‘கைமாற்றுக் கியர்பெட்டி’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்கமுடியவில்லை. கைமாற்று என்றால் சென்னையில் எவருக்கும் வட்டியில்லாமல் வாங்கும் சிறுகடன்தான் நினைவுக்கு வரும். பழைய வண்டிதானே, அடைமொழியே தேவையில்லை என்பாரும் உண்டு. 1954இல் இதே செவர்லே பிக்கப்புகளுக்கு ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிப் பெட்டியும் விருப்பத்தேர்வாக வந்துவிட்டதால் அடைமொழியை விட்டுவிட முடியாது. ‘கைமுறை’ ஓரளவு பொருந்துகிறது, ஆனால் இடக்கால் கிளட்ச்சை மிதிக்காமல் கை மட்டும் வேலை செய்வதில்லை என்ற மறுப்புக்கு என்னிடம் விடையில்லை.

பெரும்பாலோர் ‘இறக்குதல்’ பக்கம் வந்துவிட்டதாகவே மடல்களிலிருந்து தெரிகிறது. பேராசிரியர் ஐயா இன்னும் உடன்படவில்லை. தலைப்பில் ‘எஞ்சினையும் கியர்பெட்டியையும் இறக்குதல்’ என்று இட்டு, சொல்லடைவில் ‘அகற்றல்’ என்பதையும் சேர்த்து அதே பக்கத்தைச் சுட்டுகிறேன். ‘கைமுறை’யைவிடப் பொருத்தமான சொல் எவரிடமேனும் இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள், அதன்பின் பக்கங்களைத் திருத்த இயலாது.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர், சென்னை