கூண்டின் மேல் கூண்டு: அமெரிக்கக் கடற்படை செய்தது சரியா?

கப்பல்பித்தன்: 1900இல் பணிக்கு வந்த கியர்சார்ஜ், கென்டக்கி இரண்டு போர்க்கப்பல்களிலும் 13 அங்குல வாயகலம் கொண்ட பீரங்கிகளின் சுழலும் கவசக் கூண்டின் தலையிலேயே 8 அங்குலக் கூண்டையும் பொருத்திவிட்டார்கள். மாடி பஸ் மாதிரி. மேலே இருப்பது தனியாகத் திரும்பாது. இதைவிடக் கிறுக்குத்தனமான ஏற்பாடு உண்டா?

அலைவாய்க்கரை: அவசரப்படாதீர்கள் சார். முந்தைய போர்க்கப்பல் இந்தியானாவைப் பாருங்கள். 8 அங்குலப் பீரங்கிகள் எட்டு இருந்தும், ஒரு பக்கம் சுட நான்குதான் உதவும். கியர்சார்ஜில் மொத்தமே நான்குதான், ஆனால் நான்கும் எந்தப் பக்கமும் சுடும். பாதிப் பீரங்கியில் அதே அடி. எடை எவ்வளவு மிச்சம்!

கப்பல்பித்தன்: ஏட்டுச் சுரைக்காய். பெரிய பீரங்கியில் மருந்தும் குண்டும் நிரப்ப நிமிடக் கணக்கில் ஆகும், அந்த இடைவெளியில் சின்னது சுடட்டும் என்பதுதான் திட்டம். ஆனால் கீழே ஒருவர் குறிபார்க்கும்போது மேலே வெடித்தால் என்ன ஆகும்? அமெரிக்கக் கடற்படை அதிகாரி சிம்ஸ் கென்டக்கியிலேயே பணியாற்றியவர். பீரங்கி நீட்டும் துவாரம் அகலமாக இருக்கிறது, எதிரியின் குண்டு உள்ளே புகுந்தால் வெடிமருந்து அறைவரை ஆபத்து என்று திட்டித் தீர்த்தார். 1901இல் குறிசுடும் தரம் பற்றி அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே நேரடியாகக் கடிதம் போட்ட மனிதர், சும்மா விடுவாரா?

அலைவாய்க்கரை: அந்த ஆபத்து மாடிக் கூண்டுக்கு மட்டுமா? மிசௌரி போர்க்கப்பலில் இருந்தது மாடியில்லாத சாதாரணக் கூண்டு. 1904 ஏப்ரல் 13, பயிற்சி நேரம். சுட்டபின் பீரங்கியின் பின்கதவைத் திறந்ததும் குழாயில் தங்கிய வாயு தீப்பிடித்துப் பின்னால் சீறியது, மருந்துப் பைகள் பற்றிக்கொண்டன. 36 பேர் போனார்கள். குழாய்க்குள் காற்றை ஊதி வாயுவை வெளியேற்றும் முறை வந்த பிறகுதான் நிம்மதி.

தூரநோக்கி: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாடிக் கூண்டை 1906-07இல் பணிக்கு வந்த வர்ஜீனியா வகையின் ஐந்து கப்பல்களில் மறுபடி வைத்தார்களே, அதை யாருமே சொல்லவில்லையே? அதற்குள் பெரிய பீரங்கியே வேகமாகச் சுடப் பழகிவிட்டது. இடைவெளியே இல்லாதபோது மாடி எதற்கு?

கப்பல்பித்தன்: அதேதான். 1910இல் சவுத் கரோலினா போர்க்கப்பல் வந்தது. பின்கூண்டைச் சற்று உயர்த்தி, முன்கூண்டுக்கு மேலாகச் சுடும்படி வைத்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பும். 12 அங்குலப் பீரங்கி எட்டும் இரண்டு பக்கமும் சுடும். பிரிட்டனின் டிரெட்நாட் போர்க்கப்பலில் பத்து இருந்தும் பக்கத்துக்கு எட்டுதான்.

அலைவாய்க்கரை: பெரிய பீரங்கிக் கூண்டெல்லாம் கப்பலின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கர்களுக்குப் பழக்கியதே கியர்சார்ஜ்தான். அதையும் கிறுக்குத்தனம் என்பீர்களா?

கப்பல்பித்தன்: நடுக்கோட்டுக்கு நூறு மதிப்பெண். மேலே ஏற்றிய மாடிக்குப் பூஜ்யம்.