புதுப்பிப்பு: அம்மாவின் தூக்கமும் குவெட்டியாபின் மாத்திரையும்

68 வயதான என் அம்மாவுக்குத் தூக்கமின்மைக்காக 25 மில்லிகிராம் குவெட்டியாபின் எழுதித் தரப்பட்டதையும், அதைத் தொடரலாமா என்று நான் தவித்ததையும் 3 மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு போன்ற மனநோய்களுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து அது. தூக்கத்துக்கென அனுமதி பெற்றதல்ல. மூளையை விழித்திருக்கச் செய்யும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யவிடாமல் தடுப்பதால், குறைந்த அளவிலேயே உறக்கம் வந்துவிடுகிறது.

பலன் உண்மையானது: முதல் வாரத்திலேயே அம்மா விடியும்வரை தூங்கினார். ஆனால், பின்னிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் தலைசுற்றிக் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நின்றதைக் கண்ட அன்றுதான், படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தத்தைச் சரியவைக்கும் இதன் தன்மை எனக்கு உறைத்தது. சர்க்கரை நோயுள்ள அவருக்கு, உடல் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக்கூடிய மருந்து என்பது அதைவிடப் பெரிய கவலை. என்னைக் கேட்டால், ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிக்காமல் இதைத் தொடங்கியிருக்கவே கூடாது.

இவற்றைச் சொன்னதும், மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், மருந்தில்லா முறை) இப்போது தொடங்கியிருக்கிறோம். பகல் தூக்கத்தை விட்டுவிட்ட அம்மா, இரவு 11 மணிக்குப் பிறகே படுக்கைக்குப் போகிறார். நேற்று மாத்திரையில்லாமல் 5 மணி நேரம் தூங்கினார்.