புதுப்பிப்பு: எல்லாருக்கும் ஒரே சந்தா சரிவராது

கிளிநொச்சி, முல்லைத்தீவு மின்னிணைப்பாளர் சங்கம் எல்லாரிடமும் ஒரே சந்தா எடுக்கலாம் என்று முன்னர் எழுதியதைத் திருத்துகிறேன். அங்கத்தவர் வகைக்கேற்பச் சந்தாவைப் பங்காகப் பிரிக்கவேண்டும். உதாரணத்துக்கு, முழு அங்கத்தவர் 60 பேருக்கு ஒவ்வொரு பங்கு, பயிலுநர் 30 பேருக்கு அரை, ஓய்வுபெற்ற 10 பேருக்குக் கால்: மொத்தம் 77.5. அதில் 80 வீதம்தான் கைக்கு வரும் என்று பிடியுங்கள், 62. ஆண்டுச் செலவு 186,000 ரூபா என்றால் ஒரு பங்கு 3,000.

தொகையைச் சங்கத்தின் யாப்பில் (அடிப்படை விதிகளில்) எழுதவேண்டாம். விலை ஏறும்போதெல்லாம் யாப்பைத் திருத்தவேண்டி வரும். பொதுக்கூட்டத் தீர்மானமே போதும். ஒரே தடவையில் ஆயுளுக்கும் கட்டும் ஆயுட்சந்தாவை நிலையான வைப்பில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள். முதலைச் செலவழித்த சங்கத்துக்குப் பிறகு வருமானமும் இல்லை, அந்த அங்கத்தவரிடம் கேட்கவும் முடியாது.

சந்தா கட்டக் கடைசித் திகதி ஏப்ரல் நடுப்பகுதி நல்லது, காலபோக நெல் விற்ற காசு (வயல் இல்லாத மின்னிணைப்பாளர் இங்கே எத்தனை பேர்?) அப்போதுதான் புழங்கும். வாக்குரிமைக்குக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னரே கட்டியிருக்கவேண்டும். வாசலில் கட்ட விட்டால் ஆள் சேர்த்துத் நிர்வாகத் தெரிவையே பிடித்துவிடுவார்கள்.