புதுப்பிப்பு: அவருக்கும் சோதனை எடுத்தாச்சு

போன முறை இங்கே புலம்பியிருந்தேன்: கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை, எனக்கு 31 வயது, எனக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன், என் கணவருக்கு ஒன்றுமே எழுதித் தரவில்லை என்று. "முதலில் அவரையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்றீர்கள்.

சரி, அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டரைப் பார்த்தோம். விந்தணு மில்லிக்கு 90 லட்சம்தான். 1 கோடியே 60 லட்சமாவது இருக்க வேண்டுமாம். திரும்பும்போது சேரன்மகாதேவி தாண்டும்வரை அவர் வாயே திறக்கவில்லை. கையில் அந்த ரிப்போர்ட், நாலாக மடித்து, எட்டாக மடித்து.

டாக்டர் பதறவில்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டக் கூடாது, சிகரெட்டை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். விட்டார். (அந்த மூன்று மாதக் கோபத்தை நான்தான் வாங்கினேன்.) போன வாரம் 1 கோடியே 80 லட்சம்!

எனக்குச் சாயம் செலுத்திக் கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்தார்கள். மாதவிலக்கு வலி மாதிரி இருந்தது, சீக்கிரம் முடிந்தது. இரண்டு குழாயிலும் அடைப்பில்லை. அடுத்து முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, அது வளர்கிறதா என்று பார்க்க ஸ்கேன், தேவைப்பட்டால் ஐயுஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது).

அத்தையிடம் அவரே ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏளா, அவனுக்கும் முருங்கைக்கீரை வையி" என்றார்.