புதுப்பிப்பு: மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம்

மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே படித்துவந்த என் ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன். ஜூன் மாதம், கடலூரில் எங்கள் தெருவை அடுத்துள்ள அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். மாற்றுச் சான்றிதழ் இல்லாததால் முதல் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற அச்சம் வீணாயிற்று. பள்ளியே காணாத பிள்ளையாக இருந்தாலும் 6 வயதைக் கடந்திருந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தலைமையாசிரியரும் அப்படியே செய்தார்.

துறைமுகத்தில் மீன் எடை பார்த்தும், புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்தும் கணக்குக் கற்றவள் என்பதால் மனக்கணக்கில் அவள் தடுமாறவில்லை. ஆனால் கரும்பலகையில் இருந்ததை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியை அழித்துவிட, பாதி வரிகளோடு நின்றுபோன நோட்டை என் மடியில் வைத்து முதல் வாரம் முழுவதும் அழுதாள். அது என் குறை. எல்லாவற்றையும் வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்த நான், அவளுக்கு விரைந்து எழுதும் பழக்கத்தை ஏற்படுத்தவில்லை. இப்போது தினமும் மாலையில் அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம்.

பள்ளியில் சேர்த்ததும் பெற்றோரின் வேலை தீர்ந்தது என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க இயலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களை அதே சட்டம் பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறது. நூலகப் புத்தகங்களை வாரம் ஒன்றாவது வீட்டுக்குக் கொடுத்தனுப்புமாறு அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.