லிரியோப் தூரில் உள் இலைகள் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகின்றன

நிழல்முற்றம்:
நடைபாதையின் இரண்டு பக்கமும் 24 தூர் லிரியோப் வைத்திருக்கிறேன். புல் மாதிரி நீள இலை விடும் செடி, சிலர் லில்லிடர்ஃப் (லில்லிப் புல்) என்பார்களே, அதுதான். மரநிழல், காலையில் மட்டும் கொஞ்சம் வெயில். போன வருடம் கதிர் கதிராக ஊதாப் பூ பூத்தது. இந்த வருடம் ஐந்து தூர்களில் நடுவில் இருக்கும் இலைகள் அடியிலிருந்து மஞ்சளாகி வருகின்றன. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று கூட்டி விட்டேன். இன்னும் மோசமானது. பக்கத்துப் புல்தரைக்கு ஓடும் தெளிப்பான்தான் இதற்கும், தினமும் ஓடுகிறது. நடும்போது சாயாமல் இருக்கட்டும் என்று நன்றாக மண் அணைத்து, மேலே மரப்பட்டை மூடாக்கும் போட்டேன். உரக்குறையா, பூச்சியா? ஒவ்வொன்றாக என் கையால் நட்ட வரிசை இது. எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

தூர்மண்:
உரம் எதுவும் போடாதீர்கள் தங்கச்சி. முதலில் அந்த மஞ்சள் இலை ஒன்றை மெதுவாக இழுத்து, அடிப்பகுதியைப் பாருங்கள். ஆரோக்கியமான இலையின் அடி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். லேசில் கழன்று வராது. பழுப்பாகி, ஈரமாகக் குழைந்திருந்தால் அது தூர் அழுகல். லிரியோப்பில் இதைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஃபைட்டோப்தோரா என்ற கிருமி. அதன் வித்துகள் மண்ணில் தேங்கும் தண்ணீரில் நீந்திப் பரவும். அதனால் நீங்கள் கூட்டி விட்ட தண்ணீர் செடியைவிட அதற்குத்தான் உதவியிருக்கும்.

பெயரைப் பார்த்துப் புல் என்று நினைத்துவிடுகிறோம். லிரியோப் புல் இல்லை, லில்லியும் இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கிற குடும்பம். ஒரு தூரைத் தோண்டி வேரை அலசிப் பாருங்கள், ஆங்காங்கே நிலக்கடலை அளவுக்கு வெளிறிய முடிச்சுகள் தொங்கும். தண்ணீரைச் சேர்த்து வைப்பதற்கான ஏற்பாடு அது. வேர் பிடித்த பிறகு சில நாள் தண்ணீர் இல்லாமல் மண் காய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஈரத்திலேயே நிற்பதைத்தான் தாங்காது. 11 வருடமாக இதை வளர்க்கிறேன். நான் இழந்த தூர்களில் ஒன்றுகூடக் காய்ந்து சாகவில்லை, எல்லாம் அழுகித்தான் போயின.

இலை அடி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நிழல்முற்றம்:
பார்த்தேன் அண்ணா. அடி பழுப்பு, வழுவழு என்று இருக்கிறது, அழுகல் நாற்றமும் அடிக்கிறது. மூடாக்கை விலக்கினால் இலை கிளம்பும் இடமே இரண்டு விரல் ஆழத்தில் புதைந்திருக்கிறது. மற்ற 19 தூர்களும் அதே ஆழம்தான்.

தூர்மண்:
அப்படியென்றால் அந்த ஐந்தையும் விட்டுவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அழுகிய தூரை எந்த மருந்தும் மீட்காது. சுற்றியுள்ள மண்ணோடு ஒரு மண்வெட்டி அகலத்துக்கு அள்ளி எடுத்து வெளியேற்றுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மண்வெட்டியை நன்றாகக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் அடுத்த தூர் பக்கம் போக வேண்டும். அந்தக் குழிகளில் மறுபடி லிரியோப் வைக்காதீர்கள்.

மற்ற 19-ஐயும் இன்றே கவனியுங்கள். மூடாக்கை ஒதுக்கி, அணைத்த மண்ணைக் கையால் பறித்து, இலை கிளம்பும் கழுத்து வெளியே தெரிகிற மாதிரி விடுங்கள். கொத்தால் குத்த வேண்டாம், காயம் பட்டால் அதுவே கிருமிக்கு வாசல். தெளிப்பானை வேறு பக்கம் திருப்பிவிட்டு, விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேலே ஒரு அங்குலம் காய்ந்த பிறகு தூரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். களிமண்ணாக இருந்தால், பிறகு தூர்களை எடுத்து மேட்டுப்பாத்தி கட்டி வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

கொத்துக்காரி:
அண்ணா சொன்னது சரி. எடுத்த இடத்தை நிரப்ப வேறு செடி வாங்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த லிரியோப் என்று பாருங்கள். மஸ்காரி என்றால் குத்தாக நின்ற இடத்திலேயே பருக்கும். ஸ்பிகாட்டா என்றால் மண்ணுக்கடியில் வேர்த்தண்டு ஓடவிட்டு, பாதை ஓரம் தாண்டிப் பக்கத்துச் செடிக்குள் புகுந்துவிடும். மண் பறிக்கும்போது தூரிலிருந்து வெள்ளைத் தண்டு பக்கவாட்டில் ஓடுகிறதா என்று பார்த்தால் தெரியும். ஓடினால் காலி இடத்தை அதுவே எட்டிப் பிடிக்கப் பார்க்கும். கிருமி இருக்கிற மண் என்பதால் அதை வெட்டி நிறுத்துங்கள்.

நிழல்முற்றம்:
குத்துதான் அக்கா, தண்டு எதுவும் ஓடவில்லை. இன்னொன்று: நுனி காய்ந்த பழைய இலைகளை இப்போதே வெட்டிவிடலாமா? பார்க்கவே களையில்லாமல் இருக்கிறது.

தூர்மண்:
இப்போது வேண்டாம். முழுதாக வெட்டுவது வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் முடிந்து புதுக் குருத்து கிளம்புவதற்குச் சற்று முன். மண்ணிலிருந்து மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். நாள் தள்ளிப்போனால் கத்தரி புதுக் குருத்தின் நுனியில் பட்டுவிடும். அந்த இலை வளரும், ஆனால் மழுங்கிய நுனியோடு அந்தப் பருவம் முழுக்க நிற்கும். ஒரு வருடம் நான் அப்படித்தான் அவசரமாக வெட்டி, வரிசை முழுக்க மொட்டை நுனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வெட்டுவதற்கு முன் குனிந்து, பழைய இலைகளை விலக்கி, நடுவில் பச்சை முளை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பார்க்காமல் கத்தரியை எடுப்பதே இல்லை.

அதே சமயத்தில் நன்றாக இருக்கும் தூர்களில் இரண்டு மூன்றைப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டிலும் இலையும் வேரும் இருந்தால் போதும். அழுகல் வந்த பாத்தியை விட்டுத் தள்ளி, ஒரு அடி இடைவெளியில், கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடுங்கள். விதை போட்டு வளர்க்கலாம்தான், பூ முடிந்ததும் கறுப்பாக மின்னும் காய் மாதிரி இருப்பது உண்மையில் விதையேதான். ஆனால் பூக்கும் அளவுக்கு வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐந்து தூர் ஈடுகட்ட உங்களுக்குப் பிரிப்பதே சுலபம்.

நிழல்முற்றம்:
மண் பறித்துவிட்டேன் அண்ணா, 19-ம் கழுத்து தெரிய நிற்கின்றன. இரண்டில் மட்டும் வெளி இலை ஒன்றிரண்டு மஞ்சள், இழுத்தால் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து இங்கேயே வந்து சொல்கிறேன்.