மாங்கூழ் ஏற்றுமதி வேலை – வீட்டுக் குழு அரட்டை

சித்தப்பா: நம்மிடம் சரக்கு வாங்கும் சவுதி பார்ட்டி இப்போதுதான் கூப்பிட்டார். போன சீசனில் அனுப்பிய அதே பெங்களூரா ரக மாங்கூழ், அதே டின், விலை சொல்லுங்கள் என்கிறார். விவரம் யாரிடம் இருக்கிறது?

தம்பி: லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்குப் போடும் எண், என் டைரியில். லேபிள் படம் அப்பா போனில்.

அப்பா: பில் வீட்டு பீரோவில். நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன், சாயந்திரம் வந்து எடுக்கிறேன்.

நான்: சாயந்திரம் வரைக்கும் அவர் காத்திருப்பாரா அப்பா? அதற்குள் வேறு இரண்டு பேரிடம் விலை வாங்கிவிடுவார். மாங்காய் வரத்து தொடங்கி ஃபேக்டரி வாசலில் லாரி வரிசை கட்டிவிட்டால் இதற்கு உட்கார நேரமே கிடைக்காது. இந்த வாரமே எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றிவிடலாம்.

சித்தப்பா: தம்பி முன்பே ஒன்று போட்டானே மா?

நான்: பார்த்தேன் சித்தப்பா. பொருளும் பார்ட்டியும் ஒரே வரியில் கலந்து கிடக்கிறது, சவுதிக்காரர் பெயரே மூன்று விதமாக இருக்கிறது. பொருளுக்கு ஒரு தாள், பார்ட்டிக்கு ஒரு தாள், அனுப்பிய சரக்குக்கு ஒரு தாள். மூன்றையும் இணைப்பது லாட் நம்பர். லேப் ரிப்போர்ட், லேபிள் படம் எல்லாம் லாட் நம்பரில் தொடங்கும் பெயரோடு சேமித்தால் தேடவே வேண்டாம்.

தம்பி: 3.1 கிலோ டின், 215 கிலோ டிரம் இரண்டுக்கும் ஒரே வரி போதுமா?

நான்: வேண்டாம், தனித்தனி. டின் 6 சேர்ந்தால் ஒரு பெட்டி, 18.6 கிலோ. டிரம் 20 அடி கன்டெய்னரில் 80 ஏற்றினால் 17.2 டன். பேக்கிங் லிஸ்ட், கப்பல் வாடகை எல்லாம் இதை வைத்துத்தான் வருகிறது. ரகம், பிரிக்ஸ் (இனிப்பு அளவு), அமிலத்தன்மை, எச்.எஸ். கோட் (சுங்கத்துக்கான பொருள் எண்) அதே வரியில் இருக்கட்டும்.

அப்பா: கோட் எப்போதும் 08045040 தானே?

நான்: நாம் ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தரும் ஷிப்பிங் பில்லுக்கு அதுதான். பார்ட்டி தன் நாட்டில் வேறு கோடில் இறக்குகிறார் என்றால் அது பார்ட்டி தாளில் வரும்.

சித்தப்பா: பார்ட்டி தாளுக்கு போன் நம்பர், முகவரி போதுமே?

நான்: போதாது சித்தப்பா. பி.எல்.லில், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில், போகிற பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் பேங்கில் பேப்பர் நிற்கலாம். பணம் அட்வான்ஸா, எல்.சி. என்கிற பேங்க் உத்தரவாதமா? அரபு லேபிள் வேண்டுமா? சர்க்கரை சேர்க்கலாமா? அப்புறம் பேச்சுவாக்கில் அவர்கள் சொல்வதுதான் முக்கியம், அது உங்கள் மனதில் மட்டும்தான் இருக்கிறது.

சித்தப்பா: அதுவும் சரிதான். யேமன்காரர் கூழில் கருப்புப் புள்ளி ஒன்று கண்டாலும் வேண்டாம் என்பார். நெதர்லாந்துக்காரர் பூச்சிமருந்து எச்சம் பார்த்த ரிப்போர்ட் வராமல் ஆர்டரே போட மாட்டார்.

நான்: இதைத்தான் கேட்கிறேன்! இது தெரியாமல் யேமனுக்கு எந்த லாட் ஒதுக்குவது என்று தம்பி எப்படி முடிவு செய்வான்?

அப்பா: எல்லாம் சரி, விலையை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்காதே.

நான்: விலைக்குத் தனி ஃபைல் அப்பா, நீங்களும் சித்தப்பாவும் நானும் மட்டும். ஏஜென்டுக்குச் சரக்குத் தாளின் நகல் மட்டும் போதும்.

தம்பி: அக்கா, டைரி முழுக்க இன்றைக்கே ஏற்றிவிடுகிறேன்.

சித்தப்பா: எனக்கு டைப் அடிக்க வராது மா. ஒவ்வொரு பார்ட்டி பற்றியும் வாய்ஸில் பேசி அனுப்பட்டுமா?

நான்: தாராளமாக அனுப்புங்கள், நான் கேட்டு ஏற்றிக்கொள்கிறேன். பணம் தராமல் இழுத்தடிக்கிறவர்கள் யார் என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.